இசக்கியின் இருநூறு குஞ்சுகள்

செத்த குஞ்சுகளை இசக்கி பழைய தினசரித் தாளில் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து, தொங்கிய கழுத்தை நேராக்கி, காலை மடக்கி, பக்கத்துக் குஞ்சோடு ஒட்டாமல் வைத்தாள். விடிந்து அரை மணி நேரம் இருக்கும். உப்பளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது.

நான் வாயில் பிரஷ்ஷோடு கொல்லை வாசலில் நின்றேன்.

"எத்தன?"

"அறுவத்தி மூணு."

"மிச்சம்?"

"முப்பத்தேழு. அதுலயும் நாலு தலையத் தூக்கல."

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் எதுவேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சும்மாவும் நின்றிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "நான் அன்னைக்கே சொன்னேன்லா."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, செத்ததில் இரண்டும், தலை தூக்காததில் இரண்டுமாக அதற்குள் வைத்தாள். மூடியில் கத்தரிக்கோலால் நாலு ஓட்டை போட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "மாட்டாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கரையில் ஒரு தண்டல்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாகக் கடலைப் பற்றியே எழுதிவந்தேன். தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக ஏறியதையும், பிறகு தண்டலாக, அதாவது தோணிக்குத் தலைவனாக ஆனதையும் வாசகர்கள் அறிவார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வந்த கதைகளுக்கு எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. இந்த வாரம் கரையில் நடந்ததை எழுதுகிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. இசக்கிதான், "எழுதுங்கப்பா, பேரையும் போட்டே எழுதுங்க" என்றாள்.

எங்களுக்குப் பூர்வீகம் உடன்குடிப் பக்கத்துப் பனங்காடு. என் அப்பா உப்பள வேலைக்கு வந்து தூத்துக்குடியில் தங்கினார். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கடை, வியாபாரம் என்று போனார்கள். நான் ஒருத்தன்தான் தோணியில் ஏறினேன். கண்ணில் புரை விழுந்து, கண்ணாடி தடித்து, இனிமேல் ராத்திரியில் விளக்கு அடையாளம் பார்க்க முடியாது என்று ஆனபிறகு இறங்கினேன். தருவைகுளம் போகிற ரோட்டில், உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. முன்பு கயிறும் தார்ப்பாயும் போட்டு வைத்திருந்தேன்.

இசக்கி எங்களுக்கு ஒரே பிள்ளை. பி.காம். படித்தவள். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை அமைதியானவர் என்றார்கள். எங்கள் எதிரில் அமைதியாகத்தான் இருந்தார்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவள் தனியாக வந்து இறங்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று எழுதுவதுதான் சரி. நாலாம் நாள் சம்பந்தி போன் போட்டார். நானே அவளைப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்காரவைத்துவிட்டு வந்தேன். பஸ் கிளம்பும்போது அவள் இடது கையால் டாட்டா காட்டினாள்.

எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தாள். ஒரே ஒரு பை. அதில் துணியைவிட அதிகமாகச் சான்றிதழ்கள் இருந்தன. இந்தத் தடவை வழுக்கி விழுந்த கதை எதுவும் சொல்லவில்லை. "இனிமே போவமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். நான் கேள்வி கேட்க வாயெடுத்தேன். என் மனைவி பொன்னுத்தாய் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அப்படி வந்த பிள்ளை இரண்டு மாதம் கழித்து, நாட்டுக்கோழிக் குஞ்சு நூறு வாங்கப்போகிறேன், ஒரு மாசம் வளர்த்துக் கொடுக்கப்போகிறேன் என்றாள். தருவைகுளத்துப் பெண்கள் நிறையப் பேர் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். ஒரு நாள் குஞ்சு வாங்கினால் தங்குவதில்லை. ஒரு மாதக் குஞ்சு கிடைத்தால் வாங்குவார்கள். இதெல்லாம் அவள் விசாரித்து வைத்திருந்தாள். நான் சிரித்தேன். தண்டல் மகள் கோழி மேய்க்கப் போகிறாளா என்றேன்.

அந்த நூறில் அறுபத்து மூன்றுதான் இப்போது தாளில் கிடந்தன.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

அவள் செருப்புப் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்ப, பொன்னுத்தாய் என்னிடம் வந்து, "வண்டிய எடுங்க. இந்தப் பிள்ளைய இனி ஒரு பஸ்ஸுலயும் தனியா ஏத்தாதீங்க" என்றாள். வண்டியை எடுத்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. இசக்கியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வெளியே ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூட்டம். எங்கள் முறை வந்ததும் செத்த குஞ்சு ஒன்றை எடுத்து, சின்னக் கத்தியால் வயிற்றைக் கீறினார். உள்ளே மஞ்சளாக ஒரு உருண்டை, அவித்த முட்டையின் கரு மாதிரி.

"மஞ்சக்கரு கரையவே இல்ல, பாருங்க. பொரிஞ்ச குஞ்சுக்கு ரெண்டு மூணு நாள் இதுதான் சாப்பாடு. சூடு இல்லாட்டி இது கரையாது. எதுல வச்சிருந்தீங்க?"

"மரப்பெட்டில மேடம். பல்பு போட்டிருந்தேன்."

"சதுரப் பெட்டியா? பல்பு எங்க?"

"ஓரத்துல."

"காலைல எங்க கிடந்துச்சு எல்லாம்?"

"எதிர் மூலைல. ஒண்ணு மேல ஒண்ணா."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "குளுருச்சுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். மூலை கிடைச்சா அங்க போய்க் குவியும். அடில கிடக்கிறது மூச்சு முட்டிச் செத்துரும். குஞ்சுக்குத் தானா உடம்புச் சூட்ட வச்சுக்கத் தெரியாதும்மா. றெக்கை வர்ற வரைக்கும் நாமதான் குடுக்கணும். வட்டமா வைங்க, மூலையே இருக்கக் கூடாது. தண்ணி என்ன தண்ணி?"

"போர் தண்ணி."

"உப்பளத்துக்குப் பக்கத்துல போர் தண்ணியா? நீங்க குடிப்பீங்களா அத?"

இசக்கி தலையை ஆட்டினாள். நாங்கள் குடிப்பதில்லை. எங்கள் தெருவில் யாரும் குடிப்பதில்லை. கேன் தண்ணீர்தான்.

"நீங்க குடிக்காததக் குஞ்சுக்கு வைக்காதீங்க. வயித்தால போயே செத்துரும்."

அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இசக்கி நோட்டில் ஒரு வரி எழுதினாள். வலது கையால் எழுதும்போது நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். அது அவள் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மறுபடி வாங்கப் போறீங்களா?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா மேடம்" என்றாள் இசக்கி. "இருநூறு."

"நூறுக்கே இந்தப் பாடு" என்றேன்.

"நூறுக்குச் செய்யுற வேலையும் இருநூறுக்குச் செய்யுற வேலையும் ஒண்ணுதாம்ப்பா. சரியாச் செய்யணும், அவ்வளவுதான்."

அன்று மதியம் சம்பந்தி போன் செய்தார். இந்த ஐப்பசி மழை விட்டதும் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பேசி முடித்துவிடுவோம், நாலு பேருக்குத் தெரிந்தால் இரண்டு குடும்பத்துக்கும் அசிங்கம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூலையில்லாத வீடு

கொட்டகையில் இருந்த என் சாமான்கள் எல்லாம் வெளியே வந்தன. இசக்கி தரையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மூன்று நாள் காயப்போட்டாள். பிழைத்த பழைய குஞ்சுகளை வீட்டின் மறுபக்கம் ஒரு கூண்டில் விட்டாள். அவற்றைத் தொட்ட கையோடு கொட்டகைக்குள் போகமாட்டாள். வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டிவைத்து, அதில் மிதித்துத்தான் யாரும் நுழையவேண்டும் என்றாள். கொட்டகைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனி.

தகரத் தகடுகளை வளைத்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு பெரிய வட்டம். உள்ளே ஏரல் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து வந்த உமி, நாலு விரல் கனத்துக்கு. அதன்மேல் தாள். நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்தமாதிரி தகர மூடி, அதற்குள் பல்புகள். குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். குஞ்சு வருவதற்கு முந்தின நாளே பல்பைப் போட்டு, ஒரு பகல் முழுவதும் வெறும் வட்டத்துக்குச் சூடு ஏற்றினாள்.

"குஞ்சே இல்ல, கரண்டு ஓடுது" என்றேன்.

"உமி சூடாவணும்லா. வந்தவொடனே குளிர்ந்த தரையில கால் வைக்கக் கூடாது."

குஞ்சுகள் காலையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் வந்தன. தீனி வைப்பதற்கு முன் தண்ணீர். கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, கொஞ்சம் வெல்லம் கரைத்திருந்தாள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகை ஒருமுறை தண்ணீரில் முக்கி விட்டாள். இருநூறுக்கும். முக்கியதும் குஞ்சு தலையை அண்ணாந்து விழுங்கும். அதைப் பார்த்தபிறகுதான் கீழே விடுவாள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருந்தாள், உள்ளே விழுந்து நனையாமல் இருக்க.

எதிர்வீட்டுப் பெண் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "தண்டல் வீட்டுக் கோழி கேன் தண்ணி குடிக்கி!"

"ஆமாக்கா, வெல்லமும் திங்கி" என்றாள் இசக்கி உள்ளேயிருந்து.

அன்று பகல் பதினொரு மணி இருக்கும். குஞ்சுகளின் சத்தம் மாறியது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். காலையில் கேட்டது தாழ்ந்த முணுமுணுப்பு. இப்போது கீச்சென்று மேலே ஏறியிருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். இசக்கி பல்பை இறக்குகிறாள், ஏற்றுகிறாள், தெர்மாமீட்டரைப் பார்க்கிறாள். சூடு சரியாக இருக்கிறது. ஆனால் அத்தனை குஞ்சும் வட்டத்தின் ஒரே பக்கத்தில், தென்மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வடகிழக்கில் ஒன்றுகூட இல்லை.

"என்னன்னே தெரியலப்பா. சூடு இருக்கு, ஒதுங்குதுவ."

எனக்கு அது பார்த்த உடனே தெரிந்தது. முப்பது வருஷம் நான் பார்த்த காரியம் அது ஒன்றுதான்.

"ஏளா, அது பல்பு இல்ல. காத்து. வாடை உள்ள வருது."

செருப்பைக் கழற்றி, சுண்ணாம்பில் மிதித்து, உள்ளே போனேன். குனிந்து, கையை நனைத்து, தரையோடு பிடித்துப் பார்த்தேன். வடகிழக்குச் சுவரின் அடியில் இருந்த சந்து வழியாக நுழைந்த வாடைக்காற்று, தகடுகளின் இணைப்பு வழியாகக் குஞ்சுகளின் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது.

என் தோணித் தார்ப்பாயை வெட்டி வடகிழக்குப் பக்கம் கட்டினேன். முழுவதும் அடைக்கவில்லை. மேலே ஒரு முழம் விட்டேன், கெட்ட காற்று வெளியே போகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கட்டி முடித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓரத்தைவிட்டு வந்து, வட்டம் முழுக்கப் பரவி, சில காலை நீட்டிப் படுத்தன. சத்தம் இறங்கியது.

இசக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

கரண்டு போன பகல்

நாலாம் நாள் காலை மழை பிடித்தது. பத்து மணிக்குக் கரண்டு போனது. தருவைகுளம் ரோட்டில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பல்பு அணைந்த பத்தாவது நிமிஷமே அந்தக் கீச்சுச் சத்தம் தொடங்கியது. இருநூறும் ஒன்றாகக் கத்தினால் மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

"கரி அடுப்பக் கொண்டு வையி" என்றாள் பொன்னுத்தாய்.

"வேண்டாம்மா, புகை மூடிரும்." இசக்கி கொட்டகை நடுவில் நின்றாள்.  தெர்மாமீட்டரைக் கையில் எடுத்து, அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று குஞ்சுகளை அடுக்கிய கை அது. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும். ஒரு தடவை மினிக்காய்த் தீவுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோணியின் எஞ்சின் நின்றுவிட்டது. அடித்தட்டில் தண்ணீர் ஏறுகிறது. பம்பும் வேலை செய்யவில்லை. ஆட்கள் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதிருந்த எங்கள் தண்டல் யாரையும் திட்டவில்லை, தைரியமும் சொல்லவில்லை. ஒரு வாளியை எடுத்து முதல் ஆள் கையில் கொடுத்து, "இத நெறைச்சு அவன்ட்ட குடு" என்றார். அடுத்த நாள் மதியம் வரை அதைத்தான் செய்தோம். பிழைத்தோம்.

நான் இசக்கியிடம், "வீட்ல காலி பாட்டில் எத்தன கெடக்கு?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில், எண்ணெய் கேன் எல்லாமாக இருபதுக்குமேல் சேர்ந்தன. பொன்னுத்தாய் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, என் பழைய கைலிகளைக் கிழித்துச் சுற்றி, குஞ்சுகளுக்கு நடுவில் படுக்கவைத்தோம். தகட்டை உள்ளே தள்ளி வட்டத்தைப் பாதியாகச் சுருக்கினோம். மேலே சாக்கு, காற்றுக்கு ஒரு ஓரம் திறந்து. குஞ்சுகள் பாட்டிலை ஒட்டிப் படுத்துக்கொண்டன. அரை மணிக்கு ஒருமுறை ஆறிய பாட்டிலை எடுத்துச் சூடான பாட்டிலை வைக்கவேண்டும். இசக்கி வைப்பாள், நான் மழையில் தூக்கிக்கொண்டு ஓடுவேன், பொன்னுத்தாய் காய்ச்சுவாள்.

குஞ்சுகள் ஓரிடத்தில் குவிகிற மாதிரி தெரிந்தால் இசக்கி கையை உள்ளே விட்டு மெதுவாகப் பிரித்துவிடுவாள். பிரிக்கப் பிரிக்கச் சேரும். அவள் மறுபடி பிரிப்பாள்.

மூன்று மணிக்குக் கேஸ் தீர்ந்தது.  பொன்னுத்தாய் கொல்லையில் தகரத்துக்குக் கீழே மூன்று கல்லை வைத்து, ஈரமில்லாத மட்டையாகத் தேடிப் பற்றவைத்தாள். பனைமட்டைப் புகையில் அவள் கண் சிவந்து தண்ணீராக ஓடியது.

"ஏங்க," என்றாள் ஊதிக்கொண்டே, "இத அன்னைக்குச் செஞ்சிருக்கலாம்லா."

"எத?"

"இவளுக்காவ இப்பிடி ஓடுனத."

நான் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். 

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு வந்தது. இசக்கி எண்ணிப் பார்த்தாள். முதல் இரண்டு நாளில் சோர்ந்து செத்தவை இரண்டு. மழையில் போனவை ஐந்து. நூற்றுத் தொண்ணூற்று மூன்று உயிரோடு இருந்தன.

ஏழாம் நாள் காலை

மழை விட்டது. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போடவேண்டும். கோழிகளை ஊரோடு வாரிக்கொண்டு போகிற நோய் அது. ஆஸ்பத்திரி திறந்ததும் இசக்கி பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தை வாங்கிவந்தாள். கலக்கிவிட்டால் ஐஸை விட்டு எடுக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் மண்ணில் புதைக்க வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

அவள் மருந்தைக் கலக்கிக் கொட்டகைக்குள் போன ஐந்தாவது நிமிஷம் வாசலில் கார் வந்து நின்றது.

சம்பந்தியும் அவருடைய அண்ணனும் இறங்கினார்கள். மாப்பிள்ளை முன்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இறங்கவில்லை. பழமும் பூவும் ஒரு தாம்பாளத்தில் வந்தன.

"மழை விட்டுருச்சு, வந்துட்டோம் சம்பந்தி" என்றார். "பிள்ளையக் கிளம்பச் சொல்லுங்க. மதியத்துக்குள்ள போயிரலாம்."

நான் கொட்டகைப் பக்கம் போய்க் குரல் கொடுத்தேன். "ஏளா, வந்திருக்காவ."

"மருந்து கலக்கியாச்சுப்பா. முடிச்சிட்டு வாரேன், இருக்கச் சொல்லுங்க."

வந்து சொன்னேன். சம்பந்தியின் அண்ணனுக்கு விளங்கவில்லை. "என்ன மருந்து? யாருக்கு?"

"கோழிக்குஞ்சுக்கு."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"நூத்தித் தொண்ணூத்தி மூணு இருக்கு" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாங்க என்று கேட்டாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலைந்து நிமிஷம் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன். அவளைக் கூப்பிடத்தான் போகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு குஞ்சைப் பிடிப்பதும், கண்ணில் ஒரு சொட்டு விடுவதும், அது இமைக்கிறவரை காத்திருந்து அடுத்த பெட்டிக்குள் விடுவதும் எல்லாம் ஒருத்தியே. முப்பதுகூட முடியவில்லை.

"பிடிச்சுக் குடுத்தா சீக்கிரம் முடியும்ப்பா. ஐஸ் கரையுது."

சுண்ணாம்பில் மிதித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். குஞ்சைப் பிடித்துத் தலையை ஒருக்களித்துக் காட்டினேன். அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். சொட்டு விடுவதற்கு யாரும் மணிக்கட்டைத் திருப்புவார்கள். அவள் முழங்கையைத் தூக்கி, தோளோடு சேர்த்துச் சாய்த்தாள். ஒவ்வொரு குஞ்சுக்கும் அப்படியே செய்தாள். மணிக்கட்டு அசையவே இல்லை.

"கை வலிக்கா?"

"வலி இல்ல. திரும்பாது."

"எப்பருந்து?"

அவள் அடுத்த குஞ்சுக்காகக் கையை நீட்டியபடியே சொன்னாள். "எலும்பு விட்டிருந்துச்சுப்பா. அப்பவே கட்டுப் போட்டிருந்தா சரியாயிருக்கும்னு பொறவு பார்த்த டாக்டர் சொன்னாரு. அங்க திரும்பிப் போனப்புறம் ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிட்டுப் போவல."

குரலில் கோபம் இல்லை. நான் கையிலிருந்த குஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதன் நெஞ்சு என் விரலில் படபடவென்று அடித்தது.

"அப்பா, குஞ்சு" என்றாள். கொடுத்தேன்.

அரை மணி நேரம் ஆனபிறகு சம்பந்தியே கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு காலை உள்ளே வைத்தார்.

"செருப்போட உள்ள வராதிய மாமா" என்றாள் இசக்கி. "நோய் வந்துரும்."

அவர் காலைப் பின்னால் எடுத்தார். முகம் கறுத்துவிட்டது. "இத அப்புறம் பாத்துக்கலாம்மா. கிளம்பு. எல்லாத்தையும் மறந்துட்டு வா. அவன் இனிமே ஒழுங்கா இருப்பான், நான் பொறுப்பு."

"நான் வரல மாமா." அவள் சொட்டு விட்டாள். குஞ்சு இமைத்தது. பெட்டிக்குள் விட்டாள். "கையி எப்பிடி ஒடஞ்சதுன்னு கார்ல இருக்கவரக் கேளுங்க. என்ட்ட கேக்க வேண்டாம்."

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்லுதிய சம்பந்தி? பெத்தவருல்லா நீங்க?"

புயலில் தோணி ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. கையில் இன்னொரு குஞ்சு இருந்தது.

"அன்னைக்கு ஒடஞ்ச கையோட பஸ் ஏத்தி விட்டது நான்தான்" என்றேன். "தப்பு என் மேலதான். அத இனிமே சரிசெய்ய முடியாது. ஆனா இன்னொரு தடவை அனுப்ப மாட்டேன். நீங்க காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் திரும்பி நடந்தார். தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கார்க் கதவு அடைக்கிற சத்தம் மூன்று தடவை கேட்டது. மாப்பிள்ளையும் இறங்கியிருக்கிறார் போல. எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்கவும் நேரம் இல்லை. இன்னும் அறுபது குஞ்சுகளுக்குமேல் பாக்கியிருந்தன. ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது.

விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு நானும் அவளும் சேர்ந்தே போகிறோம். சொந்தக்காரர்களில் சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த நூற்றுத் தொண்ணூற்று மூன்றில் நூற்றெண்பத்தாறு ஒரு மாதத்தைத் தாண்டி, தருவைகுளத்துப் பெண்களின் கூடைகளில் ஏறிப் போயின. இதை எழுதும்போது பின்னால் கொட்டகையில் ஐந்தாவது தடவையாகக் குஞ்சு கிடக்கிறது.

அன்று கடைசிக் குஞ்சுக்குச் சொட்டு விட்டபோது மணி பத்தேகாலுக்கு மேல். மிஞ்சிய மருந்தை அவள் குழி தோண்டிப் புதைத்தாள். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பொன்னுத்தாய் பழைய சோறும் சாளைக் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொட்டகை வாசலிலேயே வைத்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 

வந்த நாளிலிருந்து இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத பிள்ளை. தட்டைக் காலிசெய்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா. பசிக்கி."